உதவித்தொகை எந்த அக்கவுண்டுக்குப் போகிறது, அதை முழுசாக எடுப்பது எப்படி

"ஆதார் லிங்க் ஆகிடுச்சுன்னு பேங்க்ல சொல்றாங்க, பணம் மட்டும் வரலை." வங்கி சொல்வது பொய் இல்லை. கேஒய்சிக்காக, அதாவது நாம் யார் என்று வங்கி சரிபார்ப்பதற்காக, ஆதார் எண்ணைக் கணக்கில் பதிவது ஒரு வேலை. அதை என்பிசிஐ (தேசியப் பணப்பரிமாற்றக் கழகம்) வைத்திருக்கும் மேப்பரில், எந்த ஆதாருக்கு எந்த வங்கி என்ற பட்டியலில், ஏற்றுவது வேறு வேலை. அதற்குப் பெயர் சீடிங். ஆதார் வழியாக அனுப்பப்படும் அரசுப் பணம் இந்த இரண்டாவதை மட்டும்தான் பார்க்கும். நூறு நாள் வேலைக் கூலிக்கு 2024 ஜனவரி 1 முதல் இந்த வழி கட்டாயமாக்கப்பட்டது.

மேப்பரில் ஒரு ஆதாருக்கு ஒரே ஒரு வங்கிதான் இருக்கும். நம் அக்கவுண்ட் நம்பர்கூட அதில் இல்லை, எந்த வங்கி என்கிற குறியீடு மட்டுமே. கடைசியாக எந்த வங்கியில் சீடிங்குக்குச் சம்மதம் கொடுத்தோமோ, பணம் அங்கே போய்விடும். செல்போன் கடையில் கைரேகை வைத்துத் திறந்து, பிறகு மறந்தே போன கணக்கு இருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல் வரட்டும்.

பார்ப்பது சுலபம். மை ஆதார் தளத்தில் ஆதார் எண்ணும் ஓடிபியும் கொடுத்து 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்பதைத் தொட்டால் வங்கியின் பெயரும், ஆக்டிவா இல்லையா என்பதும் தெரியும். ஆதாரில் பழைய செல் நம்பர் இருந்தால் ஓடிபி வராது. அப்போது ஆதார் சேவை மையத்தில் நம்பரை மாற்றிவிட்டு வாருங்கள். வேறு வங்கி காட்டினால், பணம் வரவேண்டிய கிளைக்கு ஆதார் நகலும் பாஸ்புக்கும் கொண்டுபோங்கள். "லிங்க் பண்ணுங்க" என்று கேட்காதீர்கள், மறுபடியும் கேஒய்சியோடு நின்றுவிடுவார்கள். "டிபிடிக்காக என்பிசிஐ சீடிங் பண்ணணும், இப்ப இந்த பேங்க்ல இருக்கு, இங்க மாத்தணும்" என்று பழைய வங்கியின் பெயரோடு சொல்லுங்கள். டிபிடி என்றால் அரசுப் பணம் நேராக நம் கணக்குக்கு வருவது. படிவத்துக்கு ஒப்புகை வாங்குங்கள். சில நாள் கழித்து ஸ்டேட்டஸை மறுபடி பாருங்கள். ஏற்கெனவே பழைய கணக்கில் விழுந்த தொகை தானாக இங்கே வராது, அங்கே போய்த்தான் எடுக்க வேண்டும்.

பணம் வந்த பிறகும் தடைகள் உண்டு. முழு ஆவணம் இல்லாமல் திறந்த 'சிறு கணக்கு' என்றால் மாதத்துக்கு 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. கேஒய்சியை முடித்தால் அந்த வரம்பு போய்விடும். சாதாரண சேமிப்புக் கணக்கில் சில வங்கிகள் போடும் மினிமம் பேலன்ஸ் அபராதம் உதவித்தொகையைத் தின்னும். அதை அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தரும்படி எழுதிக் கொடுங்கள். இதில் இருப்பு வைக்கவேண்டிய கட்டாயம் இல்லை, மாதம் 4 முறையாவது கட்டணமில்லாமல் எடுக்கலாம். ஒருவருக்கு இப்படி ஒரு கணக்குதான், அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கும் வைத்துக்கொள்ள முடியாது.

வங்கி முகவர் ஊருக்கே கொண்டுவரும் மைக்ரோ ஏடிஎம் கருவியில் ஆதார் எண்ணும் கைரேகையும் கொடுத்து ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். வயல் வேலையிலும் பாத்திரம் தேய்த்தும் ரேகை தேய்ந்த கைகள்தான் இங்கே அதிகம் அவதிப்படுகின்றன. சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, துளி எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, பெருவிரல் படாவிட்டால் மற்ற விரல்களை வையுங்கள். விரலின் நுனி அல்ல, நடுப்பகுதி கண்ணாடியில் பதிய வேண்டும். எல்லா விரலும் தோற்றால் ஆதாரில் பயோமெட்ரிக் லாக் (ரேகையைப் பயன்படுத்த முடியாதபடி பூட்டுவது) போட்டிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ரேகையைப் புதுப்பிக்க வேண்டும். அதுவரை கிளையில் பணம் எடுக்கும் சீட்டு எழுதியே வாங்கலாம், ரேகை படவில்லை என்று உங்கள் பணத்தை யாரும் மறுக்க முடியாது.

"ஃபெயில் ஆயிடுச்சு, இன்னொரு தடவை வைங்கம்மா" என்று முகவர் சொன்னால் உடனே வைக்காதீர்கள். முதலில் சீட்டு கேளுங்கள், எஸ்எம்எஸ் பாருங்கள், இருப்பைச் சரிபாருங்கள். பணம் கழிந்தபிறகு மறுபடி ரேகை வைத்தால் இரண்டாவது தொகையும் போய்விடும். வங்கி முகவர் உங்களிடம் தனியாகக் கமிஷன் கேட்பதும் விதிப்படி தவறு. வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. வழி கேட்க 14448க்கு அழையுங்கள்.