சைமனின் சாட்டையும் ரசிகர்களின் சண்டையும்: காஸில்வேனியா பேச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கான்ட்ரா என்ற வீடியோ கேமை ஆடிப் பழகிய கை காஸில்வேனியா என்ற கேமைத் தொட்டால் முதல் நிமிடத்திலேயே சூடுபட்டுக்கொள்ளும். கான்ட்ராவில் குதித்த பிறகு அந்தரத்திலேயே முன்னே போகலாம், மனசு மாறினால் பின்னே வரலாம். இங்கே நாயகன் சைமன் பெல்மாண்ட் குதித்தால் குதித்ததுதான். கிளம்பிய வளைவிலேயே போய்த்தான் இறங்குவார். இறங்கும் இடத்தில் பள்ளம் இருப்பதை நடுவானில் நீங்கள் பார்த்துவிட்டாலும் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு கேமையும் செய்தது ஒரே கம்பெனி, ஜப்பானின் கொனாமி. முதல் தடவை ஆடியபோது பட்டன் சிக்கிக்கொண்டது என்று நினைத்து கன்ட்ரோலரைத் தொடையில் தட்டித் தட்டிப் பார்த்தவன் நான்.

1986 செப்டம்பர் 26 அன்று, நின்டெண்டோவின் ஃபாமிகாம் கன்சோலுடன் சேர்த்து ஓட்டும் டிஸ்க் சிஸ்டத்துக்காக ஜப்பானில் வெளியான கேம் இது. அங்கே பெயர் ‘அகுமாஜோ டிராகுலா’. மறு வருடம் அமெரிக்காவுக்கு ‘காஸில்வேனியா’ என்ற பெயரில் போனது. கதையை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: சாட்டை வைத்திருக்கும் ஒருவர் கோட்டைக்குள் நுழைந்து, 18 ஸ்டேஜ் தாண்டி, உச்சியில் இருக்கும் டிராகுலாவை அடிக்கிறார். இதே கதையைக் கொனாமி திரும்பத் திரும்பச் சொன்னது. ஒவ்வொரு தடவையும் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து மல்லுக்கு நின்றார்கள். சண்டை சுவாரசியமானதுதான், நானும் கலந்துகொண்டிருக்கிறேன். ஆனால் பாதிச் சண்டை, எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று தெரியாமலே நடக்கிறது.

குதியைக் குறை சொல்வது

“பழைய கேம்ல கன்ட்ரோல் மட்டம், ரீமேக்ல சரி பண்ணிட்டாங்க.” அதிகம் கேட்கும் வசனம் இது. பெரிய தவறும் இதுதான்.

15ஆவது ஸ்டேஜில், டெத் என்ற பாஸின், அதாவது கட்டத்தின் கடைசிப் பெரிய எதிரியின், அறைக்கு முன்னால் ஒரு நடைபாதை வரும். எதிரே கவசம் போட்ட வீரன் நிற்கிறான். கோடாரியை ஒருமுறை தலை உயரத்தில் வீசுவான், அடுத்தமுறை கால் உயரத்தில் வீசுவான். அவன் ஒருவன் மட்டும் என்றால் சமாளித்துவிடலாம். அதே நேரத்தில் மெடூசா தலைகள் அலை போல ஏறி இறங்கிப் பறந்து வருகின்றன. ஏதாவது ஒன்று பட்டால் சைமன் பின்னால் தூக்கி எறியப்படுவார், விழுந்த இடத்தில் அடுத்த தலை காத்திருக்கும். உயிர்ப் பட்டையில் 16 கோடு. இந்தக் கட்டத்தில் ஓர் அடிக்கு 4 கோடு போகும். நாலே அடி, ஆள் காலி.

இந்த இடத்தில் செத்துச் செத்து எழுந்தவர்களுக்குத்தான் ஒன்று பிடிபடும். சாட்டை சொடுக்க எடுக்கும் சின்னத் தாமதம், குதியின் வளைவு, தலைகள் வரும் அலையின் உயரம், கோடாரி போகும் தூரம் எல்லாம் ஒரே கணக்கில் செய்தவை. ஓடிக்கொண்டே முடிவெடுக்கிற கேம் கான்ட்ரா. முடிவெடுத்த பிறகு காலைத் தூக்குகிற கேம் இது. புனித நீர் பாட்டிலை வீசி வீரனை நெருப்பில் நிறுத்திவிட்டு, தலை தாழ்வாக வரும் நேரம் பார்த்துக் குதித்தால் வழி கிடைக்கும். அதே பாட்டிலை டெத் தோன்றும் இடத்தில் சரியாக வீசத் தெரிந்தவர்கள் அந்த பாஸை அசையவே விடாமல் முடிப்பார்கள்.

குதியை இளக்கினால் இவ்வளவையும் மாற்றியாக வேண்டும். 1991இல் சூப்பர் ஃபாமிகாமில் (மேற்கில் சூப்பர் நின்டெண்டோ) வந்த பதிப்பில் அப்படித்தான் மாற்றினார்கள். மேற்கில் அதன் பெயர் ‘சூப்பர் காஸில்வேனியா 4’. அந்தரத்தில் திசை திருப்பலாம், சாட்டையை எட்டுத் திசையிலும் வீசலாம், பட்டனைப் பிடித்துக்கொண்டால் கயிறு மாதிரித் தொங்கவிட்டு ஆட்டலாம். கையில் எடுக்கவே ஆசையாக இருக்கும். ஆனால் சாட்டை எல்லாப் பக்கமும் எட்டுவதால் கோடாரியும் புனித நீரும் கிட்டத்தட்ட வேலையில்லாமல் போயின. பழைய கேமில் மேலே வரும் எதிரிக்குக் கோடாரி, தரையில் வருபவனுக்குத் தண்ணீர் என்று யோசித்து எடுத்துப் போக வேண்டும். புதியதில் அந்த யோசனையே தேவைப்படவில்லை. சரி பண்ணினார்கள் என்பதைவிட வேறு கேம் பண்ணினார்கள் என்பதே பொருத்தம். எனக்கு இரண்டும் பிடிக்கும். சோம்பலான ஞாயிற்றுக்கிழமைக்கு 91, வீம்பு பிடித்த ராத்திரிக்கு 86.

இதோடு ஒட்டிய இன்னொன்று. பழைய கேம்களைச் சேர்த்து 2019இல் வந்த ஆனிவர்சரி கலெக்ஷனில் எந்த இடத்திலும் சேவ் செய்யலாம். பத்து அடிக்கு ஒருமுறை சேவ் போட்டு முடித்துவிட்டு “இதுல என்ன கஷ்டம்?” என்று கேட்பவர்களும், இரண்டு தடவை செத்துவிட்டு “இது அநியாயம்” என்று மூடுபவர்களும் ஒரே விஷயத்தைத் தவறவிடுகிறார்கள். கேட்ரிட்ஜ் பதிப்பில் கான்டினியூவுக்குக் கணக்கே கிடையாது. எத்தனை முறை தோற்றாலும் அந்தப் பகுதியின் தொடக்கத்திலிருந்து மறுபடி வரலாம். பாடம் படிக்கிற மாதிரி ஆடத்தான் அதைச் செய்தார்கள்.

போகிற போக்கில் ஒன்று: மெழுகுவர்த்தியை அடித்தால் விழும் இதயங்கள் உயிர் அல்ல. கோடாரி, குத்துவாள், தண்ணீர் இவற்றை வீசுவதற்கான இருப்பு. உயிர் வேண்டுமென்றால் சுவரை உடைத்து உள்ளே இருக்கும் கறித்துண்டைத் தின்ன வேண்டும். சுவருக்குள் எத்தனை வருடம் கிடந்த கறி என்று கேட்காதீர்கள்.

எது எதன் ரீமேக்?

“ஒரிஜினலைக் கெடுத்துட்டாங்க” என்று பொங்குவதற்கு முன்னால், ஒரிஜினல் எப்போதாவது ஒன்றாக இருந்ததா என்று பார்க்க வேண்டும். டிஸ்க் பதிப்பு வந்து ஒரே மாதத்தில், 1986 அக்டோபரிலேயே, எம்எஸ்எக்ஸ்2 கணினிக்கு இதே சைமன், இதே கோட்டையை வைத்து இன்னொரு கேம் வந்துவிட்டது. அதில் திரை நகராது. சாவி தேடி அலைந்து கதவைத் திறக்க வேண்டும். பிறகு கடையில் காசு போட்டு ஆடும் ஆர்கேடு மெஷினுக்கு ‘ஹான்டட் காஸில்’ என்று ஒன்று. கல்யாணக் கோலத்தில் இருக்கும் மனைவியை டிராகுலா தூக்கிப் போக, சைமன் துரத்துகிறார். காசு விழுங்கவே செய்த கஷ்டம். அதை ஆடிவிட்டு 1986 கேமைத் திட்டுவது, பக்கத்து வீட்டுச் சாம்பாரைக் குடித்துவிட்டு நம் வீட்டில் வந்து உப்பு அதிகம் என்பது போல. அந்த ஆர்கேடு கேமுக்கே 2024இல் எம்2 நிறுவனம் ஒரு ரீமேக் செய்து டாமினஸ் கலெக்ஷன் என்ற தொகுப்புக்குள் சேர்த்தது. எல்லோரும் அதில் இருந்த மூன்று நின்டெண்டோ டிஎஸ் கேம்களுக்காக வாங்கினார்கள், இது ஓரமாகக் கிடந்தது. கிடைத்தால் ஆடிப் பாருங்கள், கையில் நன்றாக உட்காருகிறது.

‘சூப்பர் 4’ நான்காம் பாகம் என்று நம்புவதும் அதே குழப்பம்தான். ஜப்பானில் அதன் பெயர் வெறும் ‘அகுமாஜோ டிராகுலா’, எண் எதுவும் இல்லை. முதல் கதையையே மறுபடி சொல்கிறது. எண்ணை ஒட்டியது மேற்கில்.

1993இல் ஷார்ப் எக்ஸ்68000 கணினிக்கு இன்னொரு மறுகூறல் வந்தது. மூலத்தின் முறுக்கு குறையாதது, என் கணக்கில் ரீமேக்குகளில் மிகச் சிறந்தது. 2001இல் அது ‘காஸில்வேனியா கிரானிக்கிள்ஸ்’ என்று பிளேஸ்டேஷனுக்கு வந்தபோது ‘அரேஞ்ச்’ என்று ஒரு முறையைச் சேர்த்தார்கள். அதற்கு அயாமி கோஜிமா வரைந்த சைமனுக்குச் செம்பட்டை முடி, தோல் உடை. வேட்டைக்காரரா, ராக் பாடகரா என்று ரசிகர்கள் குதித்தார்கள். அதே டிஸ்க்கில் ‘ஒரிஜினல்’ என்ற இன்னொரு முறை இருக்கிறது, அதில் பழைய சைமன் பழையபடியே இருக்கிறார். மெனுவில் ஒரு வரி கீழே இறங்கினால் தீர்ந்துபோகும் சண்டை.

டிராகுலா எக்ஸ் என்று சொன்னால் எந்த எக்ஸ்?

இங்கேதான் அதிகமான பேர் வழுக்குகிறார்கள். 1993இல் பிசி எஞ்சின் என்ற கன்சோலுக்கான சிடியில், ஜப்பானில் மட்டும் ‘ரான்டோ ஆஃப் பிளட்’ வந்தது. நாயகன் ரிக்டர் பெல்மாண்ட். புறாக்களை ஏவி அடிக்கும் மரியா என்ற சிறுமியாகவும் ஆடலாம், அவளாக ஆடினால் கேம் பாதி சுலபம். 1995இல் சூப்பர் நின்டெண்டோவுக்கு வந்தது ‘டிராகுலா எக்ஸ்’. அதே ஆட்கள், அதே கதை. ஆனால் ஸ்டேஜ்கள் பெரும்பாலும் வேறு, மரியாவாக ஆட முடியாது. கடைசியில் டிராகுலாவை அடிக்கும் இடத்தில் தரைக்குப் பதில் தூண்கள், இடையில் பள்ளங்கள். ‘ரான்டோ’வின் புகழைக் கேள்விப்பட்டு இதை வாங்கிய மேற்கத்திய ரசிகர்களுக்கு ஏமாற்றம், இன்றுவரை தீராத கோபம். தனியாகப் பார்த்தால் அது மோசமான கேம் இல்லை, மற்றொன்றின் பெயரைச் சுமந்ததுதான் அதன் பாவம்.

2007இல் பிஎஸ்பி என்ற கையடக்க பிளேஸ்டேஷனுக்கு ‘டிராகுலா எக்ஸ் கிரானிக்கிள்ஸ்’. ‘ரான்டோ’வையே முப்பரிமாண உருவங்களோடு மறுபடி செய்தார்கள், நடப்பது பக்கவாட்டில்தான். “ஸ்ப்ரைட் அழகு போச்சு” என்று, கையால் வரைந்த தட்டைப் படங்களை நினைத்துப் புலம்புவதில் நியாயம் உண்டு. எனக்கும் அந்த உருவங்கள் பொம்மைக் கடை மாதிரித்தான் தெரிகின்றன. ஆனால் ரீமேக்குக்குள் ஒளித்துவைத்த பொருள்களைத் தேடி எடுத்தால் 1993இன் அசல் ‘ரான்டோ’வும், அடுத்த கதையான ‘சிம்ஃபனி ஆஃப் தி நைட்’டும் முழுதாகத் திறக்கும். தேடாமலே வட்டை விற்றுவிட்டுத் திட்டியவர்கள் ஏராளம்.

குரல் சண்டையும் இங்கிருந்துதான். 1997இல் வந்த ‘சிம்ஃபனி’யின் ஆங்கில வசனங்கள் நாடக மேடைத்தனமாக, கொஞ்சம் அசட்டுத்தனமாகவும் இருக்கும். மனிதன் என்பவன் யார் என்று டிராகுலா கேட்டுவிட்டுக் கோப்பையை வீசி உடைக்கும் இடம் ரசிகர்களுக்கு மனப்பாடம். பிஎஸ்பி பதிப்பில் மொழிபெயர்ப்பைப் புதிதாக எழுதி, வேறு நடிகர்களை வைத்துப் பேச வைத்தார்கள். 2018இல் பிளேஸ்டேஷன் 4க்கு வந்த ‘ரெக்வியம்’ தொகுப்பிலும் இந்தப் புதுக் குரல்தான். பழசு ரசிகர்களின் பிரியம், புதுசு நேரான பேச்சு. பழசை விரும்புவது தவறே இல்லை, நானும் அந்தக் கட்சிதான். பழசுதான் ‘அசல்’ என்று சாதிப்பது தவறு. அசல் ஜப்பானிய மொழியில் இருக்கிறது.

யார் இசை என்ற பேச்சிலும் இதே கதை. முதல் கேமின் முடிவில் ஓடும் பெயர்கள் எல்லாம் பழைய பேய்ப்பட ஆட்களின் பெயர்களை வைத்துச் செய்த கிண்டல். அதில் இசை ‘ஜேம்ஸ் பனானா’. அந்தப் பழப்பெயரின் பின்னால் இருந்தவர் கினுயோ யமாஷிதா என்ற பெண். சதோயே தெராஷிமாவும் சேர்ந்து இசையமைத்தார். யாரோ ஓர் ஆங்கிலேயர் போட்ட மெட்டு என்று இன்னும் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள்.

2010இல் ஸ்பெயினின் மெர்குரிஸ்டீம் செய்த ‘லார்ட்ஸ் ஆஃப் ஷேடோ’வை ரீமேக் பட்டியலில் போட்டு அடிப்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது ரீமேக் அல்ல, கதையை முதலிலிருந்து புதிதாகத் தொடங்கிய ரீபூட். வேறு தராசு வேண்டும்.

பாதியில் எழுந்து போவது

என் கல்லூரி நண்பன் ஒருவன் ‘சிம்ஃபனி’யை இரண்டே நாளில் முடித்துவிட்டு போன் செய்தான். “மச்சான், இதுக்கா இவ்வளவு ஆட்டம் போடுறீங்க? ரிக்டரை அடிச்சேன், பேர் ஓடிருச்சு, முடிஞ்சுது. சப்புனு இருக்குடா.”

அவன் தவறவிட்டது இதை: கோட்டையில் இரண்டு மோதிரங்கள் கிடைக்கும். இரண்டையும் போட்டுக்கொண்டு கடிகார அறையில் நின்றால் தரையில் வழி திறக்கும். கீழே மரியா ஒரு கண்ணாடி தருவாள். அதை மாட்டிக்கொண்டு ரிக்டரிடம் போனால் அவர் தலைக்கு மேலே ஒரு பச்சை உருண்டை மிதப்பது தெரியும். அவரை விட்டுவிட்டு உருண்டையை அடிக்க வேண்டும்.

“மேப்ல எவ்வளவு பர்சன்ட் காட்டுச்சு?” என்று கேட்டேன்.

“தொண்ணூறுக்குப் பக்கம். ஏன், மிச்சம் பத்துல என்னடா பெருசா இருக்கப்போகுது?”

“மொத்தம் 200.6டா.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். முழுக் கோட்டையும் தலைகீழாகத் தொங்க, விதானத்தின் மேல் ‘சிம்ஃபனி’யின் நாயகன் அலுகார்டு நின்றுகொண்டிருந்தார்.