அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், கிராமப்புற கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) ஆவணம் தேடுகிறீர்களா?
பத்திரம், அடமானம், திருமணப் பதிவு எல்லாம் கவுண்டியின் பதிவுகளை வைத்திருக்கும் கவுண்டி கிளார்க்கிடம் இருக்கும். விவாகரத்து வழக்கென்றால் நீதிமன்றப் பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் டிஸ்ட்ரிக்ட் கிளார்க். ஆள்தொகை 8,000-க்கும் குறைவான கவுண்டிகளில் பெரும்பாலும் இரண்டு பொறுப்பும் ஒருவரிடமே.

பழைய பத்திரம் இணையத்தில் கிடைக்கவில்லை என்று சோர்ந்துவிடாதீர்கள். நேரில் போய், விற்றவர், வாங்கியவர் பெயர் அட்டவணைகளைப் புரட்டுங்கள். பெயரின் எழுத்து மாறியிருக்கலாம், அதையும் பாருங்கள். கிளம்பும் முன் ஒரு போன் செய்துவிடுங்கள், சில சின்ன அலுவலகங்களை மதியச் சாப்பாட்டுக்குப் பூட்டிவிடுவார்கள்.

கவுண்டியின் செலவுக் கணக்கு, ஒப்பந்தம் வேண்டுமா? டெக்சஸ் பொதுத் தகவல் சட்டப்படி எழுத்தில் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 10 வேலை நாட்களுக்குள் தர முடியாவிட்டால், எப்போது தருவார்கள் என்று எழுத்தில் சொல்லியாக வேண்டும். அமெரிக்க மத்திய அரசின் தகவல் சட்டத்தைக் குறிப்பிடாதீர்கள். அது கவுண்டிகளுக்குப் பொருந்தாது.