கியூஓஎஸ் போட்டும் குரல் விட்டுவிட்டு வருகிறதா?

சின்ன அலுவலகங்களில் இது அடிக்கடி நடக்கும். ஒருவர் பெரிய ஃபைலை கிளவுடுக்கு ஏற்ற ஆரம்பிப்பார். பக்கத்து அறையில் மீட்டிங்கில் இருப்பவரின் குரல் விட்டுவிட்டுப் போகும். நெட்வொர்க் பார்த்துக்கொள்பவர் ரவுட்டருக்குள் போய், கியூஓஎஸ் (எந்தப் போக்குவரத்துக்கு முன்னுரிமை என்று சொல்லும் அமைப்பு) பக்கத்தில் குரலுக்கு ‘ஹையஸ்ட்’ என்று வைத்து சேவ் செய்வார். ஒன்றும் மாறாது. அப்புறம் லைன் சரியில்லை என்று இன்டர்நெட் கம்பெனிக்கு போன் போகும்.

லைனில் பெரும்பாலும் கோளாறு இருக்காது. பாக்கெட்டுகள், அதாவது தகவலைப் பிரித்து அனுப்பும் சிறு துண்டுகள், காத்து நிற்கும் இடம் ஒன்று, முன்னுரிமை கொடுத்த இடம் வேறொன்று. ரவுட்டரிலிருந்து ஃபைபர் மோடத்துக்குப் போகும் கேபிள் 1 ஜிபிபிஎஸ். மோடத்தைத் தாண்டினால் அப்லோடு 20 எம்பிபிஎஸ்தான் என்று வைத்துக்கொள்வோம். ரவுட்டரைப் பொறுத்தவரை நெரிசலே இல்லை, வந்த பாக்கெட்டை வந்த கையோடு அனுப்பிவிடுகிறது. கூட்டம் சேர்வது மோடத்துக்குள். அங்கே பெரும்பாலும் முதலில் வந்தது முதலில் போகும், அவ்வளவுதான். வரிசையே இல்லாத இடத்தில் யாரை முன்னால் விட முடியும்?

இதற்கு வழி, ரவுட்டரின் வேகத்தை வேண்டுமென்றே லைனின் வேகத்துக்குக் கொஞ்சம் கீழே கட்டிப்போடுவது. ஷேப்பிங் என்பது இதைத்தான். 20 கிடைக்கிறதென்றால் 18-இல் நிறுத்தினால், வரிசை மோடத்தை விட்டு உங்கள் ரவுட்டருக்கு வந்துவிடும். பிறகுதான் முன்னுரிமை வேலை செய்யும். காசு கொடுத்து வாங்கிய 2 எம்பிபிஎஸ்ஸை விட பலருக்கு மனம் வராது. ஆனால் விட்டுத்தான் ஆக வேண்டும். பிளானில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதும் தவறு. மாலை நெரிசல் நேரத்தில் அப்லோடு, டவுன்லோடு இரண்டையும் தனித்தனியாக அளந்து, அதில் 85 முதல் 95 சதவீதம் வரை வையுங்கள்.

அடுத்த தவறு, பாக்கெட் டிராப் ஆவதை (வழியில் கைவிடப்படுவதை) பார்த்துப் பயந்து, பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடமான பஃபரைப் பெரிதாக்குவது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1500 பைட் பாக்கெட்டுகள் 1000 வரிசையில் நின்றால் 1.2 கோடி பிட். 20 எம்பிபிஎஸ் லைனில் அது வடிய 0.6 நொடி, அதாவது 600 மில்லி செகண்ட். குரலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லி செகண்டுக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேச தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியுவின் பரிந்துரை. ஃபைல் அனுப்பப் பெரும்பாலும் பயன்படும் விதிமுறையான டிசிபிக்கு டிராப்தான் ‘மெதுவாகப் போ’ என்ற சைகை. அந்தச் சைகை தாமதமாக வந்தால், இருக்கிற பஃபர் முழுவதையும் டிசிபி நிரப்பிவிடும். கணினி நிபுணர் ஜிம் கெட்டிஸ் 2010-இல் தன் வீட்டு லைனில் கண்டு, ‘பஃபர்ப்ளோட்’ என்று பெயர் வைத்தது இந்த நோய்க்குத்தான். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கொண்டுவந்த கோடெல் என்ற வரிசை மேலாண்மை முறை, வரிசையின் நீளத்தைப் பார்ப்பதில்லை. பாக்கெட் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கிறது. 100 மில்லி செகண்ட் அளவுக்குத் தொடர்ந்து தாமதம் 5 மில்லி செகண்டுக்குக் கீழே இறங்கவே இல்லையென்றால் டிராப் செய்யத் தொடங்கும். அதிலிருந்து வந்த எஃப்கியூ-கோடெல், போக்குவரத்தை இயல்பாக 1024 சிறு வரிசைகளாகப் பிரித்து முறைவைத்து அனுப்புகிறது. வீட்டுக்கும் சின்ன அலுவலகத்துக்கும் இதுவோ, இதன் தம்பியான கேக்கோ போதும் என்பது என் கருத்து. வகுப்பு வகுப்பாக விதி எழுதும் தலைவலி பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

வகுப்பு பிரித்தே ஆக வேண்டிய பெரிய நெட்வொர்க்குகளில் நடக்கும் தவறு வேறு மாதிரி. குரலுக்கு முன்னுரிமை, வீடியோவுக்கு முன்னுரிமை, எம்.டி.யின் லேப்டாப்புக்கும் முன்னுரிமை. எல்லாரும் சிறப்பு தரிசன டிக்கெட் எடுத்தால் அதுவும் தர்ம தரிசன வரிசைதான். கண்டிப்பான முன்னுரிமை வரிசை என்றால், அது காலியாகும் வரை மற்ற வரிசைகளுக்கு முறையே வராது. அதனால் அந்த வரிசைக்கு உச்சவரம்பு கட்டாயம் வேண்டும். ரவுட்டர் தயாரிப்பாளரான சிஸ்கோவின் எல்எல்கியூ என்ற முன்னுரிமை வரிசை முறையில் நெரிசல் நேரத்தில் இந்த வரம்பு அமலாகிறது. லிங்கில் 33 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்பது அவர்களின் பழைய அறிவுரை. குரலுக்கு அதிகம் தேவையும் இல்லை: ஜி.711 என்ற குரல் குறியீட்டு முறையில் கால் ஒன்றுக்கு நொடிக்கு 50 பாக்கெட், ஒரு திசைக்கு சுமார் 80 கேபிபிஎஸ். பத்துக் கால் பேசினாலும் 1 எம்பிபிஎஸ் ஆகாது. டிசிபியையும், நேரலைக் குரல் போன்றவற்றுக்குப் பயன்படும் யுடிபியையும் ஒரே வகுப்பில் போடுவதும் வேண்டாம். நெரிசல் வந்தால் டிசிபி ஒதுங்கிக்கொள்ளும், ஒதுங்கத் தெரியாத யுடிபி அந்த இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

பாக்கெட்டின் முன்னுரிமையைக் குறிக்கும் டிஎஸ்சிபி மதிப்பை 46 என்று போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. அது வெறும் முத்திரை. வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரும் அதை மதிக்கும்படி அமைத்திருந்தால்தான் பயன். பொது இன்டர்நெட்டில் இறங்கியதும் அது கண்டுகொள்ளப்படாமலோ, பூஜ்யமாக மாற்றப்பட்டோ போகலாம். உள்ளேயும் எந்தக் கம்ப்யூட்டர் 46 என்று போட்டாலும் நம்பினால், ஃபைல் பகிரும் டொரண்டும் அதே முத்திரையோடு வரும். வைஃபையில் இன்னொரு வேடிக்கை: 46-ஐ பைனரியில் எழுதினால் 101110. பல சாதனங்கள் முதல் மூன்று பிட்டை மட்டும் எடுக்கும்; 101 என்றால் 5, அது வைஃபையில் வீடியோ வகுப்பு. குரல் பாக்கெட் குரல் வகுப்புக்கே போகாது! இதை 6-க்கு மாற்றச் சொல்லி 2018-இல் ஆர்எஃப்சி 8325 என்ற இன்டர்நெட் தொழில்நுட்ப ஆவணம் வந்தது. உங்கள் ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை தரும் கருவி) அதைப் பின்பற்றுகிறதா என்று பாருங்கள்.

டவுன்லோடு வரிசை கம்பெனிக்காரர் பக்கம் நிற்பது. வந்து சேர்ந்த பாக்கெட்டை இங்கே தாமதித்தோ டிராப் செய்தோ, அனுப்புபவரை மறைமுகமாக மெதுவாக்கலாம். டிசிபி கேட்கும்; வரம்பை அப்லோடைவிடக் கொஞ்சம் தாராளமாகக் குறைக்க வேண்டியிருக்கும். ரவுட்டரில் ‘ஹார்டுவேர் ஆஃப்லோடு’ (மென்பொருளைத் தவிர்த்து வன்பொருளே பாக்கெட்டை அனுப்பும் வசதி) ஓடினால் பாக்கெட்டுகள் இந்த வரிசைகளைத் தொடாமலே தாண்டிப் போகலாம். அதையும் பார்த்து அணையுங்கள்.

கடைசியாகச் சோதிக்கும் முறை. ஸ்பீடு டெஸ்டில் முழு வேகம் வந்தால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பக்கம் பிங் (பாக்கெட் போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் கட்டளை) ஓடவிட்டு, மறுபக்கம் பெரிய அப்லோடு தொடங்குங்கள். பிங் நேரம் எகிறினால் வரிசை இன்னும் உங்கள் கைக்கு வரவில்லை. அடுத்து, ஒரு கால் போட்டுப் பேசிக்கொண்டே குரல் வகுப்பின் பாக்கெட் எண்ணிக்கையைப் பாருங்கள். ஜி.711 என்றால் ஒரு திசையில் நொடிக்கு 50 ஏற வேண்டும். நிமிடத்துக்கு ஏதோ நாலைந்து மட்டும் ஏறுகிறதென்றால், நீங்கள் எழுதிய விதி, காலை ஏற்படுத்தும் விதிமுறையான சிப் (எஸ்ஐபி) பயன்படுத்தும் போர்ட் 5060-ஐ மட்டும் பிடித்திருக்கும். அதில் போவது கால் தொடங்கும், முடிக்கும் தகவல்தான். குரல் ஆர்டிபி என்ற தனி விதிமுறையில், வேறு யுடிபி போர்ட்களில் போகிறது. அந்த எண்கள் உங்கள் ஐபி போன் அமைப்பிலேயே இருக்கும்.