கார்னிவலுக்குப் பட்டை மணக்கும் டோனட்: ஓவனில் முதல்முறை சுடுபவர்களுக்கு

கிறிஸ்தவர்களின் நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு முந்தைய நாட்கள்தான் கார்னிவல். நம் நாட்டில் இதைப் பெரிதாகக் கொண்டாடுவது கோவா. போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த வழக்கம். கார்னிவலுக்கு ராஜாவாக வேடமிட்டு வரும் மோமோ ராஜாவின் ஊர்வலத்தோடு சனிக்கிழமை தொடங்கி செவ்வாய் வரை நாலு நாள் ஆட்டமும் பாட்டமும். இங்கே கிருஷ்ணகிரியில் எங்கள் தெருவில் ஊர்வலம் கிடையாது. நாலைந்து கிறிஸ்தவ வீடுகள் உண்டு. நோன்புக்கு முந்தின செவ்வாய் சாயங்காலம் தெருப் பிள்ளைகள் எல்லோரும், எந்த வீட்டுப் பிள்ளையானாலும், ஒரு மொட்டை மாடியில் கூடுவார்கள். மூன்று வருஷமாக அதற்கு டோனட் செய்வது என் வேலை. 2027-இல் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 10. அதற்கு முன் ஒருமுறையாவது செய்து பழகிக்கொள்ள வேண்டும் என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இந்தப் பண்டிகைக்கு டோனட் ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். 40 நாள் நோன்பில் முட்டை, வெண்ணெய், கொழுப்பு எல்லாம் அந்தக் காலத்தில் விலக்கு. வீட்டில் மிஞ்சியிருப்பதை அதற்குள் தீர்த்தாக வேண்டும். ஜெர்மனியில் உள்ளே ஜாம் வைத்த, ஓட்டை இல்லாத டோனட் செய்வது அதனால்தான். போலந்தில் அதற்கு ‘பொன்ச்கி’ என்று பெயர்; திருநீற்றுப் புதனுக்கு முந்தைய வியாழக்கிழமை ஊரே சாப்பிடும். அவர்கள் எண்ணெயில் பொரிக்கிறார்கள். பிள்ளைகள் ஓடி விளையாடும் வீட்டில் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி முன்னால் ஒரு மணி நேரம் நிற்க எனக்கு மனமில்லை. அதனால் ஓவன். பொரித்ததன் மொறுமொறுப்பு இதில் வராது; பஞ்சு போன்ற மென்மை வரும்.

என்னென்ன வேண்டும்

10 முதல் 12 டோனட்டுக்கு மைதா 300 கிராம், காய்ச்சி ஆறிய பால் 150 மில்லி, சர்க்கரை 50 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒன்றரை டீஸ்பூன், முட்டை 1, உப்பில்லாத வெண்ணெய் 50 கிராம், உப்பு அரை டீஸ்பூன். முட்டை சேர்க்காதவர்கள் புளிக்காத கெட்டித் தயிர் 3 மேசைக்கரண்டி போடலாம். மேலே பூசத் தனியாக 50 கிராம் வெண்ணெய், 100 கிராம் சர்க்கரை.

மசாலாவுக்குப் பட்டைத்தூள் 2 டீஸ்பூன், ஏலக்காய் 6, கிராம்பு 2, துருவிய ஜாதிக்காய் கால் டீஸ்பூன், சுக்குத்தூள் அரை டீஸ்பூன். தடித்த மரப்பட்டை போல் இருப்பது பிரியாணிக்குச் சரி. காகிதம் போல் அடுக்கடுக்காகச் சுருண்டிருக்கும் மெல்லிய பட்டை கிடைத்தால் அதையே வாங்குங்கள். இனிப்புக்கு அதன் மணம்தான் இதமாக இருக்கும்.

மசாலாவை இரண்டாகப் பிரியுங்கள்

பட்டைத்தூள் முழுவதையும் மாவில் கொட்டத் தோன்றும். வேண்டாம். பட்டை அதிகமானால் ஈஸ்ட் மந்தமாகிவிடும், மாவு உப்பாது. ஏலக்காய்ப் பொடியும் ஜாதிக்காயும் மட்டும் மாவுக்குள் போகட்டும். பட்டை, கிராம்பு, சுக்கு மூன்றையும் நன்றாகப் பொடித்துச் சலித்து, பூசும் சர்க்கரையோடு கலந்து மூடி வையுங்கள். பூசுவதற்கு நாட்டுச்சர்க்கரை வேண்டாம். அது ஈரம் இழுத்துக் கசிந்து, கொஞ்ச நேரத்தில் டோனட் பிசுபிசுவென்று ஆகிவிடும்.

மாவு பிசைதல்

இங்கேதான் எல்லாம் இருக்கிறது. நிதானமாகப் படியுங்கள்.

பால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். விரலை விட்டால் சுடாமல், குளிராமல் இருந்தால் போதும். சூடான பால் ஈஸ்டைக் கொன்றுவிடும். பாலில் ஒரு ஸ்பூன் சர்க்கரையும் ஈஸ்டும் போட்டுப் பத்து நிமிஷம் விடுங்கள். மேலே நுரை கட்டினால் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. நுரையே இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிட்டு வேறு பாக்கெட் வாங்கி வாருங்கள். மைதாவும் முட்டையும் வீணாகாது.

மைதா, மீதிச் சர்க்கரை, உப்பு, ஏலக்காய், ஜாதிக்காய் எல்லாம் ஒன்றாகக் கலந்து, முட்டையையும் ஈஸ்ட் பாலையும் ஊற்றிப் பிசையுங்கள். பாலில் இரண்டு ஸ்பூன் நிறுத்திவைத்து, தேவைப்பட்டால் மட்டும் சேருங்கள். மாவு கையில் ஒட்டும், மேடையில் ஒட்டும். ஒட்டட்டும். மேலும் மைதா தூவாதீர்கள்.

முதல் வருஷம் நான் இதைத்தான் செய்தேன். சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கை, ஒட்டுவதைப் பொறுக்கவில்லை. ஒரு பிடி, இன்னொரு பிடி என்று மைதா போட்டுக்கொண்டே போனேன். கைக்கு அழகாக உருண்டு வந்தது. ஓவனிலிருந்து எடுத்தபோது வறட்டு பன் போல் இருந்தது. எங்கள் ஆயா (பாட்டி) கச்சாயம் சுடும்போது மாவைத் தொட்டுப் பார்த்துத்தான் பதம் சொல்வார். அவருக்கு ஒரு துண்டு கொடுத்தேன். மென்று பார்த்துவிட்டு, “மாவுக்குத் தண்ணி பத்தலடி” என்று மட்டும் சொன்னார். அடுத்த முறை ஒரு ஸ்பூன் மைதாகூடக் கூட்டாமல் செய்தேன், சரியாக வந்தது.

ஐந்து நிமிஷம் பிசைந்ததும் மாவை மூடிப் பத்து நிமிஷம் சும்மா விடுங்கள். மைதா ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். திரும்பத் தொடும்போது ஒட்டுவது பாதியாகக் குறைந்திருக்கும். அப்புறம் மிருதுவான வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து இன்னும் பத்து நிமிஷம். வெண்ணெய் போட்டவுடன் மாவு பிரிந்து கொழகொழவென்று ஆகும். பயப்படாமல் உள்ளங்கையால் தள்ளி, மடித்து, திரும்பத் தள்ளுங்கள். பளபளவென்று ஒன்றாகக் கூடிவிடும். தொட்டால் காது மடல் போல் இருக்க வேண்டும். ஒரு துண்டை இரண்டு கையாலும் மெதுவாக விரித்துப் பாருங்கள்: கிழியாமல், விரல் நிழல் தெரியும் அளவுக்கு விரிந்தால் பதம் வந்துவிட்டது.

உப்பவிடுதல்

எண்ணெய் தடவிய பாத்திரத்தில் போட்டு ஈரத்துணியால் மூடி வையுங்கள். பிப்ரவரி மதியத்தில் கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் ஒரு மணி நேரத்தில் இரண்டு மடங்காகிவிடும். ஓசூர் நம்மைவிட உயரத்தில் இருக்கிற ஊர், குளிரும் கூட. அங்கே ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆனாலும் காத்திருங்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், மாவைப் பாருங்கள். மாவில் தோய்த்த விரலால் குத்தினால் குழி மெதுவாகப் பாதி மட்டும் மேலே வர வேண்டும். இன்னொன்று, அன்றைக்கு உங்கள் பகுதியில் பராமரிப்பு மின்தடை இல்லையே என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

வெட்டுதல்

காற்றை மெதுவாக அழுத்தி எடுத்து, அரை அங்குல கனத்துக்குத் தேயுங்கள். அகலமான டம்ளரால் வட்டமும், பாட்டில் மூடியால் நடு ஓட்டையும் வெட்டலாம். டம்ளரைத் திருகாமல் நேராக அழுத்துங்கள். திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு சாய்வாக உப்பும். ஓவன் தட்டில் பட்டர் பேப்பர் போட்டு, இரண்டு விரல் இடைவெளி விட்டு அடுக்கி, மூடி, மறுபடி 30 முதல் 40 நிமிஷம்.

சுடுதல்

ஓவனை 190 டிகிரியில் பத்து நிமிஷம் முன்சூடாக்குங்கள். மேல், கீழ் இரண்டு கம்பியும் எரியட்டும். தட்டு நடு அடுக்கில். 9 முதல் 11 நிமிஷம் போதும். சின்ன ஓவன்களில் ஒரு பக்கம் முந்திச் சிவக்கும், அதனால் ஆறாவது நிமிஷம் தட்டைத் திருப்பி வையுங்கள். மேலே இளம் பொன்னிறம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். நன்றாகச் சிவக்கட்டும் என்று விட்டால் உள்ளே வறண்டுவிடும். நடுவில் வெட்டிய குட்டி உருண்டைகளைத் தனித் தட்டில் வையுங்கள், ஆறு நிமிஷத்தில் வெந்துவிடும்.

எடுத்த சூட்டோடு உருக்கிய வெண்ணெயை எல்லாப் பக்கமும் தாராளமாகத் தடவி, உடனே மசாலாச் சர்க்கரையில் புரட்டுங்கள். ஆறவிட்டால் சர்க்கரை ஒட்டாது. பொரித்த டோனட்டுக்கு எண்ணெய் தருகிற ருசியை இங்கே இந்த வெண்ணெய்தான் தர வேண்டும்; இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

மாம்பழம் வைத்த டோனட்

ஜெர்மனிக்காரர்களுக்கு ஜாம் என்றால் நமக்கு மாம்பழம் இருக்கிறது. பிப்ரவரியில் பழம் வராது. ஆனால் மாங்கூழ் தயாரிக்கும் ஆலைகள் நிறைந்த மாவட்டம் இது. டின்னில் அடைத்த கூழ் எப்போதும் கிடைக்கும். பெங்களூரா (கிளிமூக்கு) மாங்கூழைவிட அல்போன்சா கூழ் இதற்கு நன்றாக இருக்கும். ஒரு கப் கூழை அடிகனமான பாத்திரத்தில் சிறு தீயில் கிளறுங்கள். கரண்டியால் கோடு போட்டால் கோடு மூடாமல் நிற்கும் வரை, சுமார் 15 நிமிஷம். டின் கூழில் பெரும்பாலும் சர்க்கரை இருக்கும், ருசி பார்த்துவிட்டுச் சேருங்கள். இறக்கியதும் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு.

ஓட்டை போடாமல் வட்டமாக மட்டும் வெட்டிய டோனட்டுகளை 12 நிமிஷம் சுட்டு, சர்க்கரையில் புரட்டி ஆறவிடுங்கள். பக்கவாட்டில் பென்சில் பருமனுள்ள குச்சியால் பாதி வரை துளைத்து, குச்சியை உள்ளே மெல்லச் சுழற்றி இடம் பண்ணுங்கள். கழுவித் துடைத்த பால் கவரில் கூழை நிரப்பி, மூலையைக் கத்தரித்து உள்ளே பிழியுங்கள். டோனட் கையில் லேசாகக் கனக்கும்போது நிறுத்திவிடுங்கள்.

ராகி போடலாமா என்று நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் கேட்பார்கள். 300 கிராம் மைதாவில் 50 கிராமுக்குப் பதில் ராகி மாவு போட்டால் நல்ல மணம் வரும். அதற்கு மேல் போனால் ராகியில் இழுவை கிடையாது, உப்பாது.

செய்த அன்றைக்கே சாப்பிடுவதுதான் நல்லது. மறுநாளைக்கு வேண்டுமென்றால் கொஞ்சத்தை வெண்ணெயும் சர்க்கரையும் பூசாமல் டப்பாவில் மூடி வையுங்கள். சாப்பிடும் முன் ஓவனில் மூன்று நிமிஷம் சூடாக்கி, அப்போது பூசிக்கொள்ளலாம்.