பாய் நனையணும், மிதக்கப்படாது: வீட்டு முற்றத்தில் ஒரு ஃபைபர் பானெட்

எனக்கு ஊர் திசையன்விளை. கேட், கிரில் வெல்டிங்தான் பிழைப்பு. உவரிக் கடல் பக்கத்திலேயே இருப்பதால் உப்புக்காற்றுக்கு இங்கே பஞ்சமில்லை. என் பழைய மாருதி 800 காரின் பானெட் (இன்ஜின் மூடி) ஓரம், விரலால் குத்தினாலே பொத்துக்கொண்டு போகும் நிலைக்கு வந்துவிட்டது. இரும்பைத் தட்டிப் பழகியவன் இன்னொரு இரும்பு பானெட்டைத் தேடிப் போயிருக்க வேண்டும். ஆனால் அந்தச் சமயம் உவரியில் ஃபைபர் வள்ளம் பழுது பார்க்கும் ஒரு அண்ணாச்சியின் கொட்டகையில் எனக்கு வெல்டிங் சோலி இருந்தது. அவர் வள்ளத்துக்கு ஒட்டுப்போடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் ஆசை பிடித்துக்கொண்டது.

முதல் பானெட்டை நானாகவே செய்தேன். நான்கு அடுக்கு மேட், அதன் மேல் தாராளமாக ரெசின். தராசில் வைத்தால் கழற்றிப்போட்ட இரும்பு பானெட்டை விட அரைக் கிலோ கூடுதல்! அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முட்டியால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, "ஏ தம்பி, இது பானெட்டா அம்மிக்கல்லா?" என்றார். அப்புறம் அவர் சொன்னதுதான் இந்த வேலைக்கே மூலம். "பாய் நனையணும், மிதக்கப்படாது."

பாய் என்று அவர் சொல்வது கண்ணாடி இழை மேட்டை. பலம் அந்த இழையில்தான் இருக்கிறது. ரெசின் அதைப் பிடித்து வைக்கும் பசை, அவ்வளவுதான். அதிகமாக ஊற்றும் ஒவ்வொரு கரண்டியும் எடையைக் கூட்டும், கூடவே பானெட்டை நொறுங்கும்படியும் ஆக்கும். கணக்கு இப்படி வரும். ஒரு சதுர மீட்டர் 0.8 மில்லிமீட்டர் இரும்புத் தகடு 6 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். அதே அளவில் 300 கிராம் மேட் ஒன்று, 450 ஒன்று, மறுபடி 300 ஒன்று என்று போட்டால் இழை 1,050 கிராம். கையால் பூசும்போது மேட்டின் எடையைப் போல இரண்டு மடங்கு ரெசின் குடிக்கும். அது 2 கிலோ சொச்சம். வெளிமுகமாக வரும் வழவழப்பான பூச்சு, அதாவது ஜெல்கோட், அரைக் கிலோ. மொத்தம் நாலு கிலோவுக்குள் அடங்கிவிடும். இதையே அடுக்கைக் கூட்டி ரெசினையும் மூன்று மடங்கு ஊற்றினால் இரும்பின் எடை வந்துவிடும். அதனால் மேட்டைத் தராசில் நிறுத்து, அதற்கேற்ற ரெசினை மட்டும் அளந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். டப்பாவில் இருந்து நேராக ஊற்றும் ஆளுக்கு லேசான பானெட் கிடைக்காது.

எப்போது செய்வது என்பதும் முக்கியம். ஆனி, ஆடியில் தொடவே தொடாதீர்கள். இந்தப் பக்கம் காற்றாலை எல்லாம் சுழன்றடிக்கும் மாதங்கள் அவை. என் முதல் மோல்டில் (பானெட்டை வார்க்கும் அச்சு அது) ஜெல்கோட் பூசிவிட்டுக் காப்பி குடிக்கப் போய் வருவதற்குள் தேரிக்காட்டுச் செம்மண் பறந்து வந்து ஒட்டி, கறுப்பு ஜெல்கோட் மிளகாய்ப்பொடி தூவின மாதிரி ஆகிவிட்டது. சித்திரை, வைகாசி மத்தியானமும் ஆகாது. ரெசின் பாதியிலேயே இறுகிவிடும். தை, மாசியில் காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் நிதானமாகச் செய்யலாம். (ஊரைச் சுற்றிச் சுழலும் அந்தக் காற்றாலை இறக்கைகளும் கண்ணாடி இழையும் ரெசினும்தான். நாம் செய்வது அதன் குட்டித் தம்பி.)

சாமான்கள் எனக்குத் தூத்துக்குடியில் கிடைத்தன. வள்ளம் கட்டும் ஊர் எதுவானாலும் கேட்டால் சொல்வார்கள். பாலியெஸ்டர் ரெசின், ஜெல்கோட், 300, 450 மேட், ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னர், மோல்டில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மோல்டு வேக்ஸ், பி.வி.ஏ. திரவம், பிரஷ் ஒரு டஜன், பள்ளம் வெட்டின அலுமினிய ரோலர் ஒன்று, அசிட்டோன். ரெசின் வாங்கும்போது, இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஏற்கெனவே கலந்ததாகக் கேட்டு வாங்குங்கள். தனியாகத்தான் கிடைத்தது என்றால் இதை மறக்கக் கூடாது: முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கி முடித்துவிட வேண்டும், அதற்குப் பிறகுதான் ஹார்ட்னர். கோபால்ட்டும் ஹார்ட்னரும் நேருக்கு நேர் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். இரண்டையும் ஒரே அலமாரியில்கூட வைக்க வேண்டாம். ஹார்ட்னர் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வையே போய்விடலாம். கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள். ரெசின் வாடைக்குத் துணி முகமூடி பயன்படாது, கரி வடிகட்டி வைத்த மாஸ்க் வேண்டும். வீட்டுக்குள், அதுவும் அடுப்புப் பக்கம், கூடவே கூடாது.

சரி, மோல்டுக்கு வருவோம். பழைய பானெட்தான் மாதிரி. துருப் பிடித்த ஓட்டையை டிங்கரிங் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குங்கள். இங்கே இருக்கும் ஒவ்வொரு பள்ளமும் கடைசி பானெட்டில் அப்படியே வந்து நிற்கும். பெயின்ட் அடித்தால் ஹார்ட்னர் கலக்கும் வகைதான் அடிக்க வேண்டும். சாதாரணப் பெயின்டை ரெசின் தின்றுவிடும். ஓரத்தைச் சுற்றி மூன்று விரல் அகலத்துக்குப் பிளைவுட் பட்டை வைத்து, இடுக்கைக் களிமண்ணால் அடைத்து, பிரவுன் டேப் ஒட்டினால் மோல்டுக்குக் கரை கிடைக்கும். பானெட் ஓரம் உள்பக்கமாக மடிந்திருந்தால் அந்த மடிப்புக்குள் ரெசின் போகாமல் பாருங்கள். போய்விட்டால் மோல்டு பூட்டிக்கொள்ளும், உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

வேக்ஸ் ஆறு கை, அதாவது ஆறு பூச்சு. ஒவ்வொரு கைக்கும் நடுவே துடைத்துப் பளபளப்பாக்க வேண்டும். சோம்பல் பட்டு மூன்று கையோடு நிறுத்தின ஒரு கதவு மோல்டு இன்றைக்கும் அந்தக் கதவோடு ஒட்டியபடியே என் பட்டறை மூலையில் நிற்கிறது. அப்புறம் ஸ்பாஞ்சால் பி.வி.ஏ. ஒரு பூச்சு, காய்ந்ததும் ஜெல்கோட். அதற்குப் பின்னால் 300 மேட் ஒன்று, 450 மேட் நான்கைந்து. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போட்டால் சூடேறி மோல்டு கோணிவிடும். ஒரு வேளைக்கு இரண்டு அடுக்கு போதும். எல்லாம் இறுகின பிறகு முதுகில் ஒரு இஞ்ச் சதுரக் குழாயில் சட்டம் அடித்து ஒட்டினேன். ஒரு வாரம் அப்படியே விட்டுவிட்டு, ஓரத்தில் மர ஆப்பு வைத்து இடுக்கில் தண்ணீர் ஊற்றினால் பி.வி.ஏ. கரைந்து 'டப்' என்று விடும். அந்தச் சத்தத்தைக் கேட்கவே இன்னொரு மோல்டு செய்யலாம்.

இனி பானெட். மோல்டுக்குள் மறுபடி வேக்ஸ், பி.வி.ஏ., ஜெல்கோட். ஜெல்கோட் அரை மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும். மெலிந்த இடத்தில் மேலே வரும் ரெசின் அதை அரித்து யானைத்தோல் மாதிரி சுருக்கிவிடும். எப்போது மேட் போடலாம் என்பதற்கு விரல்தான் அளவு. தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், விரலில் ஒட்டிக்கொண்டு வரக் கூடாது. கருப்பட்டி காய்ச்சும் வீட்டில் பிறந்தவர்களுக்குப் பதம் பார்ப்பதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

ரெசினை ஒரு தடவைக்கு 300, 400 கிராம் மட்டும் கலக்குங்கள். கிலோவுக்கு 10 மில்லி ஹார்ட்னர் என்பது வெயில் நாள் கணக்கு. குளிர்ந்த காலையில் 15, 20 வரை போகலாம். பத்துக்குக் கீழே குறைத்தால் பல நாள் ஆனாலும் சரியாக இறுகாது. நான் ஒரு கிலோ மொத்தமாகக் கலக்கி, பாதி மீந்த பிளாஸ்டிக் வாளியை ஓரமாக வைத்தேன். கால் மணி நேரத்தில் புகைந்து, வாளியே உருகிச் சரிந்தது. மீந்தால் அகலமான தகரத்தில் மெல்லிசாக ஊற்றி மணலில் வைத்துவிடுங்கள்.

முதலில் மோல்டில் பிரஷ்ஷால் ரெசின் தடவி, அதன் மேல் மேட்டை விரியுங்கள். ஓரங்களைக் கத்தரிக்காமல் கையால் கிழித்தால் இழைகள் பிரிந்து அடுத்த துண்டோடு தெரியாமல் கலந்துவிடும். இப்போது பிரஷ்ஷை இழுக்காதீர்கள், குத்துங்கள். இழுத்தால் இழை கூடவே வந்துவிடும். வெள்ளை வெளேரென்று கிடக்கும் மேட் ஒரு நிமிடத்தில் அடியில் இருந்து ரெசினை உறிஞ்சி, எண்ணெய் பட்ட தாள் போல ஒளி ஊடுருவ ஆரம்பிக்கும். கீழே இருக்கும் ஜெல்கோட்டின் நிறம் அப்படியே தெரியும். எங்கே வெள்ளைத் திட்டு நிற்கிறதோ அங்கே காற்று. அங்கே இன்னும் ரெசின் ஊற்றத்தான் கை போகும். ஊற்றாதீர்கள். பக்கத்தில் தேங்கின ரெசினை ரோலரால் அங்கே தள்ளிக்கொண்டு வாருங்கள். நடுவில் இருந்து ஓரத்துக்கு உருட்டினால் சின்னச் சின்னக் குமிழிகள் ரோலருக்கு முன்னால் ஓடி ஓரத்தில் உடையும். உருட்டி முடித்த மேட் ஈரமாக மினுங்க வேண்டும், அதன் மேல் குளம் கட்டி நிற்கக் கூடாது. அண்ணாச்சி சொன்ன மிதப்பது இதுதான்.

மூன்று அடுக்கு மட்டும் போட்டால் தகடு அப்பளம் மாதிரி ஆடும். அதற்கு அடுக்கைக் கூட்டாமல் முதுகெலும்பு வையுங்கள். கனம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும், அதனால் உயரமான விலா எலும்புகளே போதும். நான் முதலில் தெர்மாகோல் துண்டுகளை வைத்து மேலே மேட் ஒட்டினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெர்மாகோல் ஜீரா ஊறின ஜாங்கிரி போலக் குழைந்து காணாமல் போனது. பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் அதைக் கரைத்துவிடும். இப்போது ஜவுளிக்கடையில் துணி சுற்றி வரும் அட்டைக் குழாயை நீளவாக்கில் பிளந்து, வளைவுக்கு ஏற்ப இடையிடையே கீறி, டேப் சுற்றி எக்ஸ் வடிவில் வைக்கிறேன். ஓரத்தைச் சுற்றியும் ஒன்று. மேலே 450 மேட் ஒரு அடுக்கு. உள்ளே இருக்கும் அட்டை நைந்தாலும் கவலையில்லை, விறைப்பைத் தருவது மேலே இருக்கும் கூடுதான். இதற்கு ஒரு கிலோ கூடும்.

ரெசின் ரப்பர் பதத்தில் இருக்கும்போதே மோல்டு ஓரமாகக் கத்தியால் அறுத்துவிடுங்கள். விட்டுவிட்டால் மறுநாள் கிரைண்டர் போட்டு, உடம்பெல்லாம் கண்ணாடித்தூள் அரிப்போடு இரவு முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். அரித்தால் வெந்நீர் விடாதீர்கள், தேய்க்காமல் பச்சைத் தண்ணீர். இரண்டு நாள் மோல்டிலேயே இருக்கட்டும். சீக்கிரம் எடுத்துச் சுவரில் சாய்த்தால் சாய்ந்தபடியே வளைந்து இறுகிவிடும்.

கீல், பூட்டு இடங்களில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நட்டு வெல்டிங் செய்த 3 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டை அடுக்குகளுக்கு நடுவே புதைத்து, சுற்றிலும் கூடுதலாக மேட் போட்டேன். பூட்டுக் கொக்கியைப் பழைய பானெட்டில் இருந்து வெட்டி எடுத்துக்கொள்ளலாம். அது போதாதென்று முன்பக்கம் இரண்டு பானெட் பின். நாலுவழிச் சாலையில் காற்று அடியில் புகுந்து பானெட் எழும்பினால் முன்கண்ணாடி மேலேதான் வந்து விழும். கூரை, தூண், கதவுக்குள் இருக்கும் கம்பி இவற்றை ஃபைபரில் செய்ய நினைக்காதீர்கள். விபத்தில் ஆளைக் காப்பது அவைதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்தில் இருந்து வண்டி மாறுவதைத் தடுக்கிறது. அதனால் அதே வடிவம், அதே நிறமே என்றாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு மாட்டுங்கள்.

கார்பன் ஃபைபர் போடலாமா என்று பையன்கள் கேட்கிறார்கள். போடலாம், அதற்கு எப்பாக்ஸி என்ற வேறு வகை ரெசின் வேண்டும், காசும் வேண்டும். எப்பாக்ஸியில் ஹார்ட்னரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகாது, கெட்டுத்தான் போகும். டப்பாவில் போட்ட விகிதத்தைத் தராசில் நிறுத்தே ஆக வேண்டும். சாதா ஃபைபர் ஒன்றும் மட்டமில்லை. 1953-இலேயே அமெரிக்காவில் கார்வெட் காருக்கு முழு உடம்பும் ஃபைபர், இங்கே 1980-களில் பெங்களூரில் செய்த டால்பின் காருக்கும் அப்படித்தான்.

பெயின்டுக்கு முன்னால் ஒரு வாரம் வெயிலில் காயட்டும். பி.வி.ஏ. போக சோப்புத் தண்ணீரில் கழுவி, வேக்ஸ் போக வேக்ஸ் ரிமூவரால் துடைத்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடியுங்கள். முடிந்தால் கறுப்பு வேண்டாம், நம்மூர் வெயிலில் சூடேறி மேட்டின் இழைத் தடம் மேலே தெரியும். என்னுடையது வெள்ளை. மாட்டி மூன்று வருடமாகிறது, இரும்பு பானெட்டின் எடையில் பாதிதான். முதலில் செய்த அந்த அம்மிக்கல் தோட்டத்தில் பம்புசெட் மோட்டாருக்கு மூடியாகக் கிடக்கிறது. ஆடிக்காற்றில்கூட அசைவதில்லை.