ஜாங்கோ அட்மின்: பத்து நிமிடத்தில் வருவதும் பிறகு இடிப்பதும்

தளம் கட்டும்போது வெளியே தெரியும் பக்கங்களைப் பற்றியே யோசிப்போம். உள்ளிருந்து தகவலைச் சேர்க்க, திருத்த, அழிக்க ஒரு பின்பக்கமும் வேண்டும் என்பது கடைசியில்தான் உறைக்கும். ஒவ்வொரு டேபிளுக்கும் பட்டியல், ஃபார்ம், தேடல் என்று கையால் எழுத உட்கார்ந்தால் வாரக்கணக்கில் போகும். பைத்தான் மொழியில் தளம் கட்ட உதவும் ஜாங்கோ இந்தப் பின்பக்கத்தைத் தானே உருவாக்கித் தரும், அதன் பெயர்தான் அட்மின். 2005-ல் வெளிவந்த இந்த ஃபிரேம்வொர்க் பிறந்தது அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் நகரச் செய்தித்தாள் ஒன்றின் அலுவலகத்தில். புரோகிராம் தெரியாத ஆசிரியர் குழு தாங்களே செய்தியை ஏற்ற வேண்டிய இடம் அது, அதனால்தான் அட்மினுக்கு இதில் இவ்வளவு முக்கியத்துவம்.

ஒரு சின்ன நூலகத்தை எடுத்துக்கொள்வோம். புத்தகம், உறுப்பினர், இரவல் என்று மூன்று மாடல் (ஒரு டேபிளில் என்னென்ன இருக்கும் என்று விவரிக்கும் பைத்தான் கிளாஸ்தான் மாடல்). (கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.)

படி 1: மாடல்களை எழுதி, ஆப்பின் பெயரை செட்டிங்ஸ் கோப்பில் சேர்த்த பிறகு, மேக்மைக்ரேஷன்ஸ், அப்புறம் மைக்ரேட். டேபிள்கள் தயார்.

படி 2: கிரியேட்சூப்பர்யூசர் கட்டளையால் உங்களுக்கு ஒரு கணக்கு. ஆப்பில் உள்ள அட்மின் கோப்பைத் திறந்து, மூன்று மாடலையும் அட்மின் சைட்டில் ரிஜிஸ்டர் செய்யுங்கள், மாடலுக்கு ஒரு வரிதான். ரன்சர்வர் ஓட்டி, முகவரியின் கடைசியில் அட்மின் என்று சேர்த்துத் திறந்தால் ஃபார்ம், சரிபார்ப்பு, யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாறு எல்லாம் வந்து நிற்கும். முதல் தடவை பார்க்கும்போது கொஞ்சம் மயக்கமாகத்தான் இருக்கும்.

படி 3: பட்டியலில் எல்லாப் புத்தகமும் 'புக் ஆப்ஜெக்ட் (1)', 'புக் ஆப்ஜெக்ட் (2)' என்று தெரிகிறதா? மாடலுக்குள் எஸ்டிஆர் மெத்தடை (பெயரின் முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு) எழுதித் தலைப்பைத் திருப்பி அனுப்புங்கள். பிறகு மாடல்அட்மின் கிளாஸ் ஒன்று எழுதி, லிஸ்ட் டிஸ்ப்ளேயில் எந்தப் பத்திகள் தெரிய வேண்டும், லிஸ்ட் ஃபில்டரில் எதைக் கொண்டு வடிகட்ட வேண்டும், சர்ச் ஃபீல்ட்ஸில் எதில் தேட வேண்டும் என்று சொல்லி, ரிஜிஸ்டர் செய்யும் வரியில் அந்தக் கிளாஸையும் சேர்த்துவிட்டால் போதும். (இந்தப் பெயர்களில் இரண்டு சொல்லுக்கு நடுவே அடிக்கோடு வரும்.)

படி 4: இதைத்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள், நானும் தள்ளிப்போட்டேன். இரவல் ஃபார்மில் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க ஒரு டிராப்டவுன் வருகிறதே, அது உறுப்பினர் டேபிள் முழுவதையும் அந்தப் பக்கத்துக்குள் கொட்டும். பத்துப் பேர் இருக்கும்போது ஒன்றும் தெரியாது, பல்லாயிரம் பேர் ஆனதும் பக்கம் திறக்கவே திணறும். ஆட்டோகம்ப்ளீட் ஃபீல்ட்ஸில் அந்தப் புலத்தைச் சேருங்கள். உறுப்பினரின் அட்மினில் சர்ச் ஃபீல்ட்ஸ் இருந்தால்தான் இது வேலை செய்யும், இல்லையென்றால் பிழை காட்டும்.

படி 5: மற்றவர்களுக்குக் கணக்கு. தயவுசெய்து எல்லோரையும் சூப்பர்யூசர் ஆக்காதீர்கள், அவர்களுக்கு எந்தத் தடையும் கிடையாது. ஸ்டாஃப் (அட்மினுக்குள் நுழையலாம் என்ற அடையாளம்) என்று மட்டும் குறித்து, குரூப் ஒன்று உருவாக்கி உரிமை கொடுங்கள். ஒவ்வொரு மாடலுக்கும் சேர், மாற்று, அழி, பார் என்று நான்கு உரிமை உண்டு. ஆனால் இது டேபிள் அளவிலான உரிமை. 'இந்தக் கிளைக்காரர் தன் கிளைப் புத்தகங்களை மட்டும் பார்க்கட்டும்' என்றால், பட்டியலை எடுத்துத் தரும் கெட் குவெரிசெட்டை நீங்களே மாற்றி எழுத வேண்டும்.

சரி, இடிக்கும் இடங்களுக்கு வருவோம். புத்தகத்தை அழித்தால் அதன் அட்டைப்படமும் வட்டிலிருந்து போகட்டும் என்று மாடலின் டிலீட் மெத்தடில் எழுதியிருந்தேன். ஒவ்வொன்றாக அழித்துப் பார்த்தபோது சரியாகவே நடந்தது. ஒருநாள் பட்டியலில் மொத்தமாக டிக் அடித்து அழித்தார்கள், வரிகள் போயின, படங்கள் அப்படியே கிடந்தன. மொத்த அழிப்பு குவெரிசெட் (தேர்ந்தெடுத்த வரிகளின் தொகுப்பு) வழியாக நடக்கிறது, என் மெத்தட் கூப்பிடப்படவே இல்லை. ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள், படிக்காதது நான்தான். இன்னொன்று, இரண்டு பேர் ஒரே வரியைத் திறந்து வைத்துத் திருத்தினால் கடைசியில் சேமித்தவருடையதே நிற்கும், முந்தியவருக்கு எச்சரிக்கைகூட வராது.

இதைவிடப் பெரிய சிக்கல் வேறு. நூலகத்தில் உட்காருபவருக்குத் தேவை டேபிள் அல்ல, 'புத்தகம் திரும்பி வந்தது' என்று சொல்ல ஒரு பொத்தான். அந்த ஒரு செயலுக்கு இரவல் வரியில் தேதி, புத்தகத்தின் நிலை, தாமதம் என்றால் அபராதம் என மூன்று இடம் மாற வேண்டும். அட்மினில் அவர் மூன்று பக்கம் போய் மூன்றையும் நினைவு வைத்து மாற்றுகிறார், ஒன்றை விட்டால் கணக்கு இடிக்கும், பழி அவர் தலையில். ஜாங்கோ ஆவணமே அட்மினை உள்நிர்வாகக் கருவியாக மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறது, முழுத் தளத்தையும் அதன்மேல் கட்டச் சொல்லவில்லை. அட்மின் டெம்ப்ளேட்டை இங்கே வெட்டி அங்கே ஒட்டி சமாளிக்க ஆரம்பித்துவிட்டீர்கள் என்றால் தனிப்பக்கம் எழுதும் நேரம் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: அதற்கு முன் நடுவழி ஒன்று உண்டு, அட்மின் ஆக்ஷன். மூன்று மாற்றத்தையும் ஒரே ஃபங்ஷனில் எழுதி, ஒரு டிரான்ஸாக்ஷனுக்குள் (மூன்றும் சேர்ந்து நடக்கும், இல்லையென்றால் ஒன்றுமே நடக்காது) வைத்து, ஆக்ஷன்ஸ் பட்டியலில் சேர்த்தால், டிக் அடித்து 'திரும்பப் பெறு' என்று தேர்ந்தெடுத்தால் முடிந்தது. பின்னாளில் தனிப்பக்கம் எழுதினாலும் அதே ஃபங்ஷனையே கூப்பிடலாம். கூடவே இரவலின் அட்மினில் மாற்றும் உரிமையைச் சொல்லும் ஹேஸ் சேஞ்ச் பெர்மிஷன் மெத்தட் 'இல்லை' (ஃபால்ஸ்) என்று திருப்பி அனுப்பட்டும். பார்க்கும் உரிமை இருப்பவர்களுக்கு ஃபார்ம் படிக்க மட்டும் திறக்கும், ஆக்ஷனும் வேலை செய்யும், கையால் தேதியைத் திருத்தும் வழி மட்டும் அடைபடும்.