ஜி.ஏ.எஃப். மதிப்பெண்ணை நம்புவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை

மனநோயாளியின் நிலையை ஒரே எண்ணில் (எண் கூடினால் நிலை மேல்) சொல்லும் ஜி.ஏ.எஃப். அளவுகோல், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடான டி.எஸ்.எம்-இன் 3-ஆர் பதிப்பில் 1987-இல் வந்தது. அப்போது அது 1 முதல் 90 வரை இருந்தது; 1994-இல் டி.எஸ்.எம்-4 அதை 100 வரை நீட்டியது. 2013-இல் டி.எஸ்.எம்-5 அதைக் கைவிட்டது. ஆனாலும் பழைய கேஸ் ஷீட்டுகளிலும் ஆய்வுகளிலும் அது இன்னும் இருக்கிறது. அதை வைத்து நோயாளி தேறிவிட்டார் என்று சொல்வதற்கு முன், உங்கள் பிரிவில் அந்த எண் எவ்வளவு உறுதியானது என்று பார்த்துவிடுங்கள்.

முதலில் விதியை ஒன்றாக்குங்கள். நோய்க்குறியின் கடுமை, அன்றாடச் செயல்பாடு இரண்டையும் தனித்தனியே எடைபோட்டு, எது மோசமோ அதையே மதிப்பெண்ணாகப் போட வேண்டும். பிசகு பெரும்பாலும் இங்கேதான். ஒருவர் ஒழுங்காக வேலைக்குப் போகிறார், வீட்டிலும் சிக்கல் இல்லை, ஆனால் தற்கொலை எண்ணம் இருக்கிறது. விதிப்படி அவர் 41–50-இல் வர வேண்டும். வேலையை மட்டும் பார்ப்பவர் 70 போட்டுவிடுவார். எந்தக் காலத்துக்கான மதிப்பெண் என்பதையும் (கடந்த 7 நாள் என்று வைத்துக்கொள்ளலாம்) படிவத்திலேயே அச்சிட்டுவிடுங்கள்.

பிறகு சுமார் 30 நோயாளிகளைத் தேர்ந்தெடுங்கள். வார்டில் இருப்பவர்கள், புறநோயாளிகள், மறுவாழ்வு மையத்தில் இருப்பவர்கள் எனக் கலந்து இருக்கட்டும். எல்லோரும் 25–40-க்குள் அடங்கிவிட்டால், மதிப்பீட்டாளர்களின் வேறுபாடு வழக்கமான அளவுதான் என்றாலும் நம்பகக் கெழு (மதிப்பெண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் எண்; 1-ஐ நெருங்கினால் நல்லது) சரிந்துவிடும். இரண்டு மதிப்பீட்டாளர்களும் ஒருவருக்கொருவர் பேசாமல், பழைய மதிப்பெண்ணைப் பார்க்காமல், ஓரிரு நாள் இடைவெளிக்குள் தனித்தனியே பேட்டி எடுக்க வேண்டும். ஒரே வீடியோவை இருவரும் பார்த்துப் போட்டால் முடிவு அழகாக வரும். ஆனால் கேள்வி கேட்கும் விதத்தால் வரும் பிழை அதில் மறைந்துவிடும்.

கணக்கிடும்போது, இரண்டு எண் வரிசைகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று மட்டும் பார்க்கும் பியர்சன் கெழு வேண்டாம். ஒருவர் மூன்று பேருக்கு 40, 50, 60 என்றும் மற்றவர் 50, 60, 70 என்றும் போட்டால் பியர்சன் 1.0 காட்டும். ஒவ்வொருவருக்கும் 10 புள்ளி வித்தியாசம் இருப்பது அதற்குத் தெரியாது. மதிப்பெண்கள் உண்மையிலேயே ஒன்றாக இருக்கின்றனவா என்றும் பார்க்கக்கூடிய ஐ.சி.சி. (இன்ட்ராகிளாஸ் கோரிலேஷன்) கெழுவையே போடுங்கள். மென்பொருளில் ‘டூ-வே ரேண்டம்’, ‘அப்சல்யூட் அக்ரிமென்ட்’, ‘சிங்கிள் மெஷர்’ மூன்றையும் தேர்ந்தெடுத்தால் இதே தரவுக்கு 0.67 வரும். இருவரின் சராசரிக்கான ‘ஆவரேஜ் மெஷர்’ எடுத்தால் எண் கூடும். நடைமுறையில் ஒருவர்தான் மதிப்பிடப்போகிறார் என்றால் அந்த எண் உங்களுக்கு உதவாது.

இத்தோடு நிறுத்திவிடாதீர்கள். நோயாளிகளின் மதிப்பெண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று சொல்லும் திட்ட விலக்கம் 12, ஐ.சி.சி. 0.84 என்றால், ஒரு மதிப்பெண்ணில் இருக்கக்கூடிய பிழையைச் சொல்லும் அளவீட்டுத் திட்டப்பிழை 12 × √(1−0.84) = 4.8. அதை 1.96-ஆலும் (95% உறுதிக்கு) √2-ஆலும் (இரண்டு மதிப்பெண்களிலும் பிழை இருப்பதால்) பெருக்கினால் சுமார் 13; இதைவிடக் குறைந்த மாற்றம் வெறும் அளவீட்டுப் பிழையாகவே இருக்கலாம். அதாவது 52-இலிருந்து 60-க்கு ஏறியதை முன்னேற்றம் என்று எழுதுவதற்கு ஆதாரம் போதாது. 0.84 என்பது நல்ல கெழுதான். அப்படியிருந்தும் தனி நோயாளி விஷயத்தில் நிலைமை இதுதான்.

ஏற்புடைமை, அதாவது அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறதா என்பது, வேறு கேள்வி. இருவரும் ஒத்துப்போகிறார்கள் என்பதால் அவர்கள் செயல்பாட்டைத்தான் அளக்கிறார்கள் என்றாகிவிடாது. ஜி.ஏ.எஃப். எண்ணை, இயலாமையை அளக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஹூடாஸ் 2.0 வினாப்பட்டியலின் மதிப்பெண்ணோடும் ஒரு நோய்க்குறி அளவுகோலோடும் ஒப்பிடுங்கள். ஹூடாஸில் எண் கூடினால் இயலாமை கூடுகிறது என்று பொருள். அதனால் தொடர்பு எதிர்க்குறியில் வரும், பதற வேண்டாம். நோய்க்குறியோடு உள்ள தொடர்பு ஹூடாஸோடு உள்ளதைவிட வலுவாக இருந்தால், உங்கள் எண் பெரும்பாலும் நோய்க்குறியைத்தான் சொல்கிறது. அப்போது இரண்டு பாகங்களையும் தனித்தனி மதிப்பெண்ணாகப் பதியுங்கள். செயல்பாடு மட்டும் போதும் என்றால், நோய்க்குறியின் கடுமையைச் சேர்க்காத சோஃபாஸ் அளவுகோலுக்கு மாறிவிடுவதே நல்லது.

புதிய மருத்துவர் சேரும்போதெல்லாம் சில நோயாளிகளை இருவராக மதிப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் ஒரே பக்கமாகச் சாய்ந்தால், எந்த விதியில் பிரிகிறார்கள் என்று ஒவ்வொரு கேஸாக எடுத்துப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.